வெறும் வயிற்றில் ஒரு குளிசை

எங்கள் வீட்டில் இருதய நோயாளிகள் இரண்டு பேர். ஒருவர் அம்மா. மற்றது ஜிம்மி, பொமரேனியன் கலப்பில் வந்த, எட்டுக் கிலோ தேறாத கிழட்டு நாய். இரண்டு பேருக்கும் எனலாப்ரில். அதே 5 மில்லிகிராம் குளிசை, அதே வெள்ளவத்தைப் பார்மசி, பேனாவால் கிறுக்கித் தருகிற அதே சின்னக் கடித உறை. அம்மாவுக்கு முழுசு, ஜிம்மிக்கு அரை. வித்தியாசம் அவ்வளவுதான்.

நாய்க்கு இருதய மருந்து கொடுக்கிறோம் என்று சொன்னவுடன் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "வாயைத் திறக்குமா? கடிக்காதா?" என்பதுதான். உண்மையில் அது கொஞ்ச நாளில் பழகிப் போகும். ஜிம்மி பழகிவிட்டான். பழகாதது வீடு. அம்மா, நான், தம்பி, தம்பி மனைவி, சமையலுக்கு வருகிற ஹட்டன் அக்கா என்று ஆளுக்கு ஆள் அந்த நாயில் உயிர். எங்கள் ஆட்களுக்கு அன்பு என்றால் தீன், வருத்தம் என்றால் கைமருந்து. இருதய மருந்துக்கு இந்த இரண்டுமே ஆகாது. இந்தக் கட்டுரையை ஜிம்மியின் வாயைப் பற்றி எழுதாமல், ஜிம்மியைச் சுற்றி இருக்கிற எங்களைப் பற்றி எழுதுகிறேன். மருந்தின் அளவை உங்கள் மிருக வைத்தியர்தான் சொல்ல வேண்டும். அவர் சொன்னது வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் என் விஷயம்.

முதலில் நோய். சின்ன இன நாய்களுக்கு வயது போனபிறகு மிகச் சாதாரணமாக வருகிற ஒன்றுதான் ஜிம்மிக்கும் வந்தது. இருதயத்தின் இடப்பக்கத்தில், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கிற வால்வு தடித்துச் சுருண்டு, சரியாகச் சாத்தாத கதவாகிவிடுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்ச இரத்தம் பின்பக்கம் கசியும். ஸ்டெதஸ்கோப்பில் அது 'உஸ்' என்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்டவுடனே மருந்து தொடங்குவதில்லை என்பது எனக்குப் புதுச் செய்தியாக இருந்தது. வைத்தியர்கள் இந்த நோயை ஏ, பி, சி, டி என்று படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். சத்தம் மட்டும் இருந்து இருதயம் பெருக்கவில்லை என்றால் பி1. அதற்கு மருந்து வேண்டாம், கண்காணித்தால் போதும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெருத்துவிட்டால் பி2. அந்தப் படியில் பிமோபென்டன் என்ற மருந்தைத் தொடங்கினால் என்ன ஆகும் என்று 11 நாடுகளில் 360 நாய்களை வைத்துச் செய்த ஆய்வு 2016 இல் வெளிவந்தது. இருதயம் செயலிழக்கிற கட்டம் ஏறத்தாழ 15 மாதம் தள்ளிப்போனது. நாய்க்கு 15 மாதம் என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அதற்கு எக்ஸ்ரேயோ எக்கோவோ எடுத்து அளந்து பார்த்திருக்க வேண்டும். "உங்கட நாய்க்குக் குடுக்கிற குளிசையில ஒரு மட்டை தாங்கோ, எங்கட நாயும் இருமுது" என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

ஜிம்மி சி படி. நுரையீரலில் நீர் கோத்து, ஒரு இரவு முழுக்கப் படுக்க முடியாமல் முன்னங்கால்களை அகட்டி உட்கார்ந்தே இருந்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரியவந்தது. இப்போது அவனுக்கு நான்கு மருந்து: பிமோபென்டன், புரூசமைட் (பலருக்கும் லாசிக்ஸ் என்று சொன்னால்தான் விளங்கும்), எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன். முதலாவதைத் தவிர மற்ற மூன்றும் மனிதருடைய பார்மசியிலேயே கிடைக்கிற சாமான்.

வீட்டில் பெரிய சண்டை பிமோபென்டனுக்குத்தான். அந்த மருந்து இருதயத் தசை சுருங்கும் பலத்தைக் கூட்டும். இரத்தக் குழாய்களையும் தளர்த்திவிடும். வழமையான அளவு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் அளவில், அதை இரண்டாகப் பிரித்து 12 மணித்தியால இடைவெளியில். சாப்பாட்டோடு போனால் உடம்பில் சேர்கிற அளவு குறைந்துவிடும் என்பதால் சாப்பிடுவதற்கு ஒரு மணித்தியாலம் முந்தியே கொடுக்க வேண்டும். இதைக் கேட்டதும் அம்மா எழும்பிவிட்டார்.

"அதுவும் ஒரு சீவன்தானே பிள்ளை. வெறும் வயித்தில குளிசை போட்டா குடல் எரியாதோ? ஒரு பாண் துண்டு வைச்சுக் குடுத்தா என்ன வந்திடும்?"

அம்மாவின் தலைமுறைக்கு வெறும் வயிற்றில் குளிசை என்பது பாவம். டொக்டர் சொன்னார் என்றாலும் கேட்கமாட்டார். அவர் பார்த்த டொக்டர்மார் எல்லாரும் "சாப்பிட்டிட்டுப் போடுங்கோ" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கைகொடுத்தது அம்மாவின் தைரொயிட் குளிசை. விடிய எழும்பி, தேத்தண்ணிக்கும் முந்தி, வெறும் தண்ணீரோடு போடுகிறாரே, அது ஏன் என்று கேட்டேன். "சாப்பாட்டோட போட்டா அது வேலை செய்யாது." அப்போ ஜிம்மியுடையதும் அப்படித்தான் என்றேன். அதோடு சண்டை முடிந்தது. இப்போது இரண்டு பேருக்கும் விடிய ஒரே நேரம். அம்மாவே கொடுக்கிறார், யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஒரு வேளை தின்றுவிட்டான் என்பதற்காக அந்த வேளை மருந்தையே விட்டுவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லி வைத்திருக்கிறேன். நாய் வெறும் வயிற்றில் வாந்தி எடுக்கிற ரகம் என்றால் வைத்தியரிடம் கேட்டு ஒரு சின்னத் துண்டோடு கொடுக்கலாம். மறுபக்கம் ஸ்பைரனோலாக்டோன் சாப்பாட்டோடு போனால்தான் நன்றாகச் சேரும். எல்லாவற்றையும் ஒரே உருண்டைக்குள் அமுக்கி ஒரேயடியாகக் கொடுத்து வேலையை முடிக்கிற பழக்கம் இங்கே சரிவராது.

புரூசமைட்டின் கதை வேறு. அது சிறுநீரகம் வழியாக உப்பையும் நீரையும் வெளியே தள்ளும், நுரையீரலில் கோத்த நீரும் அதோடு குறையும். தள்ளுகிற வேகத்தில் நாய்க்குத் தாகம் எடுக்கும். குடிக்கும், மறுபடி போகும், மறுபடி குடிக்கும். நாங்கள் மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலை செய்கிற நாளில் சரி, கரண்ட் போன நாளில் எட்டுக் கிலோவைத் தூக்கிக்கொண்டு படி இறங்க வேண்டும். தம்பி ஒருநாள் சொன்னான்: "தண்ணி குடிக்கிறதாலதானே இந்த ஆட்டம். பின்னேரம் சட்டியை எடுத்து வைச்சிடுங்கோ." அதைத்தான் செய்யக் கூடாது. மருந்து ஒருபக்கம் நீரை இழுக்க, மறுபக்கம் நாங்கள் தண்ணீரை நிறுத்தினால் சிறுநீரகம் காய்ந்துபோகும். தண்ணீர்ச் சட்டி எந்த நேரமும் நிரம்பி இருக்க வேண்டும். மாற்றக்கூடியது நேரத்தைத்தான்: இராத்திரி வேளையை எவ்வளவு முந்திக் கொடுக்கலாம் என்று வைத்தியரிடம் கேட்டோம். பால்கனியில் பழைய பேப்பர் விரித்தோம். அவ்வளவுதான். சாப்பாடும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம் என்று சுருண்டு படுத்தால், அல்லது வாந்தியும் வயிற்றோட்டமுமாக இருந்தால், அடுத்த வேளை புரூசமைட்டைக் கொடுக்குமுன் வைத்தியருக்கு ஃபோன் எடுக்க வேண்டும்.

இந்த மருந்துகளில் இருக்கிற நாய்க்குச் சிறுநீரகத்துக்கும் பொட்டாசியத்துக்கும் இரத்தப் பரிசோதனை இடைக்கிடை செய்தே ஆக வேண்டும். தொடங்கி ஒன்று இரண்டு வாரத்தில் ஒருதரம், அளவு மாறுகிற ஒவ்வொரு முறையும், பிறகு சில மாதத்துக்கு ஒருதரம். "நாய் நல்லாத்தானே இருக்கு, ஏன் காசைக் கரைக்கிறாய்" என்ற கதை எங்கள் வீட்டிலும் வந்தது. காசு கரைகிறது என்பது பொய்யில்லை. ஆனால் குறைக்கலாம் என்றால் வேறு எதையாவது குறைக்கலாம், இதை அல்ல.

கைமருந்துக்கு வருகிறேன். இருதயம் பெருத்த நாய் இருமும். பெருத்த மேலறை மூச்சுக்குழாயை அமுக்குவதாலும் இருமல் வரும். அம்மாவின் காதுக்கு அது தடிமன். தடிமன் என்றால் கொத்தமல்லிக் கசாயம், அதில் இஞ்சி, அதில் அதிமதுரம். மனிதருக்கு நல்லது. இருதய நாய்க்கு அதிமதுரம் கூடவே கூடாது. அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும், பொட்டாசியத்தைக் குறைக்கும். ஸ்பைரனோலாக்டோனும் புரூசமைட்டும் பாடுபட்டு வெளியேற்றுவதை இது திரும்ப உள்ளே கூட்டி வரும்.

அதைவிடப் பயங்கரம் வலிக் குளிசை. ஜிம்மிக்குப் பின்னங்கால் மூட்டும் சரியில்லை. ஹட்டன் அக்கா தன் முழங்காலுக்குப் போடுகிற டைக்ளோபெனாக்கில் ஒரு கால் துண்டு கொடுக்கலாமா என்று நல்ல மனதோடுதான் கேட்டார். டைக்ளோபெனாக், ஐபுப்ரோபென் போன்றவை நாய்க்குத் தனியாகவே நஞ்சு. புரூசமைட்டும் எனலாப்ரிலும் எடுக்கிற நாய்க்கு அவை சேர்ந்தால் சிறுநீரகத்தை மூன்று பக்கமும் நெரிக்கும். பூனைக்கு இதைவிடப் பெரிய சத்துரு பனடோல். ஒரே ஒரு குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதும். எந்த வீட்டிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற மருந்து அது என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

அப்புறம் உப்பு. குளிசையை எதற்குள் மறைப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு யோசனை வரும். சீஸ், சொசேஜ், மாஜரின் பூசின பாண், மாசித் துண்டு, பொரித்த கருவாட்டின் ஓரம். எல்லாம் உப்பு. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை மருந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு உப்புத் துண்டு என்று கணக்குப் பார்த்தால், உப்பை இறக்குகிற குளிசைக்கு நாங்களே உப்புச் சட்டை போட்டுக் கொடுக்கிறோம். கட்டி சூப் கரைத்த கோழித் தண்ணீரும் இதே கூட்டம். நாங்கள் பாவிப்பது உப்பில்லாமல் அவித்த கோழி நெஞ்சுத் துண்டு, இல்லாவிட்டால் மசித்த வத்தாளங்கிழங்கு. பீநட் பட்டர் வாங்குகிறவர்கள் போத்தலின் பின்பக்கத்தை வாசியுங்கள். சைலிட்டோல் என்ற இனிப்பு சேர்ந்திருந்தால் நாய்க்கு அது உயிராபத்து.

மறைத்துக் கொடுக்கவும் ஒரு முறை இருக்கிறது. மூன்று உருண்டை. முதலாவது வெறும் கோழி. அதை ஜிம்மி சந்தேகத்தோடு மணந்து பார்த்துத்தான் எடுப்பான். இரண்டாவதில் குளிசை. மூன்றாவது மூக்குக்கு நேரே தயாராகத் தெரிய வேண்டும். அதைப் பார்த்த அவசரத்தில் இரண்டாவது மெல்லப்படாமல் உள்ளே போய்விடும். குளிசை தொட்ட விரலால் முதல் உருண்டையைத் தொடக் கூடாது. கசப்பு மணம் ஒட்டினால் அன்றைக்கு முழுக்கக் கதை முடிந்தது. கொடுத்த பிறகு கதிரைக்குக் கீழே ஒருதரம் குனிந்து பாருங்கள். கோழியை மட்டும் தின்றுவிட்டுக் குளிசையை வாயோரம் வைத்திருந்து பிறகு துப்புகிற கெட்டித்தனம் நாய்களுக்கு உண்டு. சோற்றுச் சட்டியில் பொடியாக்கித் தூவுவது எனக்குப் பிடிக்காது. சோற்றில் பாதியை விட்டால் மருந்தில் எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்எல் என்று எழுதியிருக்கிற குளிசைகளைப் பொடிக்கவே கூடாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

இப்போது அரைக் குளிசைக்கு வருவோம். என் கணக்கில் வீட்டு மருந்தில் மிகப் பெரிய ஆபத்து இதுதான், யாரும் பேசுவதும் இல்லை.

2022 இல் டொலர் இல்லாமல் நாடு நின்றபோது மருந்துக்கும் தட்டுப்பாடு வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அப்போது ஜிம்மிக்கு நோய் இல்லை, அம்மாவுக்குத்தான். எனலாப்ரில் ஒரு மாதம் 5 மில்லிகிராம் கிடைக்கும், அடுத்த மாதம் 10 தான் இருக்கும், கம்பனியும் வேறு. நிறமும் பருமனும் மாறும். ஒரு பார்மசியில் 10 மில்லிகிராம் குளிசையைத் தந்துவிட்டு உறையில் பழையபடியே 'ஒன்று' என்று எழுதியிருந்தார்கள். மட்டையைத் திருப்பிப் பார்த்ததால் பிடிபட்டது. மனித உடம்பு அதைத் தாங்கியிருக்கலாம். எட்டுக் கிலோ நாய்க்கு இரண்டு மடங்கு என்பது இரத்த அழுத்தம் விழுந்து தலை சுற்றுகிற கணக்கு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'அரை', 'கால்' என்ற பேச்சுத் தனியாக வராது. '2.5 மில்லிகிராம், அதாவது 5 குளிசையில் அரை' என்றுதான் எழுத்து. வைத்தியரிடமும் மில்லிகிராமில் எழுதித் தரும்படி கேட்பேன். பார்மசிக்கு முன்னாலேயே மட்டையில் இருக்கிற எண்ணை வாசித்துப் பார்ப்பேன். உதிரியாகத் தந்தால் மட்டையைக் காட்டச் சொல்வேன். பின்னால் வரிசையில் நிற்கிறவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

உறைகளில் சிங்களத்தில்தான் எழுதிக் கொடுப்பார்கள், அம்மாவுக்கு அது வாசிக்க வராது. வீட்டுக்கு வந்ததும் தடித்த பேனாவால் தமிழில் எழுதி ஒட்டுவது என் வேலை. அம்மாவின் டின் அவருடைய அறை அலுமாரியில். ஜிம்மியின் டின் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில், சிவப்பு மூடி. இரண்டும் ஒரே அறையில் இருக்கவே கூடாது. ஜிம்மிக்கு அம்மாவின் பிரஷர் குளிசை, முக்கியமாக அம்லோடிபின் போன்றது, போய்ச் சேர்ந்தால் அது ஆஸ்பத்திரிக் கேஸ். நாய்க்கான பிமோபென்டனில் மென்று தின்கிற வகைக்கு இறைச்சி வாசம் போட்டிருப்பார்கள். நாய் ஆசைப்பட்டு எடுக்கட்டும் என்பதற்காகச் செய்த வேலை, டின் திறந்து கிடந்தால் வினையாகிவிடும். உயரத்தில் வையுங்கள்.

கடற்கரைக் காற்றில் வெட்டின குளிசை சீக்கிரம் பதத்துப் போகும். ஒரு மாதத்துக்கானதை ஒரே நாளில் வெட்டி வைக்காமல் ஒன்றை வெட்டினால் மீதிப் பாதி அடுத்த வேளைக்கு என்று பாவிப்பது நல்லது. புரூசமைட் வெளிச்சத்தில் நிறம் மாறும், மாறினதைக் கொடுக்க வேண்டாம். வெட்டுவதற்குக் குளிசை வெட்டுகிற சின்னப் பெட்டி பார்மசியிலேயே விற்கும். கத்தியால் நாலாக வெட்டினால் ஒரு கால் தூளாகவும் இன்னொன்று அரையளவுக்கும் வரும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் எனலாப்ரில் வகையை உடைக்கிற வேலையை வேறு ஒருவர் செய்யட்டும். யார் உடைத்தாலும் கையைக் கழுவுங்கள்.

யார் கொடுத்தது என்ற கேள்விக்கு வருகிறேன். தம்பி கொழும்பில் இருக்கிற நாட்களில் விடிய எழும்பியதும் ஜிம்மியைத்தான் பார்ப்பான். ஒரு காலை அவன் குளிசையைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். அம்மா தன் தைரொயிட் குளிசையோடு வந்து சிவப்பு மூடியைத் திறந்துவிட்டார். ஜிம்மியும் சளைத்தவனா, இன்னும் ஒரு உருண்டை கிடைக்கும் என்றால் வாலை ஆட்டிக்கொண்டு இருந்து கொடுப்பான். தம்பி மனைவி கண்டதால் தப்பியது. அதோடு கதவில் கலண்டர் தொங்கவிட்டோம். காலைக்கு அம்மா, இரவுக்கு நான். மற்ற யாருக்கும் டின்னைத் திறக்க உரிமை இல்லை, பாசம் எவ்வளவு இருந்தாலும் சரி. கொடுத்தவுடன் ஒரு கோடு. கோடு இல்லாவிட்டால் அந்த ஆளிடம் கேட்காமல் கொடுக்கக் கூடாது. கொடுத்ததா இல்லையா என்று தீராத சந்தேகம் வந்தால் அந்த வேளையை விட்டுவிட்டு அடுத்த வேளையை நேரத்துக்குக் கொடுப்பதுதான் பெரும்பாலும் பாதுகாப்பு. தவறின வேளைக்கும் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுப்பது எந்த மருந்திலும் கிடையாது. கொடுத்து வாந்தி எடுத்துவிட்டால் உடனே இன்னொன்று போடாமல் வைத்தியரிடம் கேளுங்கள். டிகொக்ஸின் என்ற இருதய மருந்து எடுக்கிற நாய்க்கு இதை இரண்டு தரம் சொல்வேன். அந்த மருந்தில் குணத்துக்கும் நஞ்சுக்கும் நடுவில் இடைவெளி மிகச் சின்னது. சாப்பாட்டில் வெறுப்பும் வாந்தியும்தான் அது கூடிப்போனதன் முதல் அடையாளம்.

மருந்து முடிகிற அன்றைக்குப் பார்மசிக்குப் போவதும் கூடாது. இரண்டு வாரத்துக்காவது கையிருப்பு வேண்டும். இருதய மருந்துகளைத் திடீரென்று நிறுத்த முடியாது. அட்டெனலோல் போன்றவற்றை நிறுத்துவதென்றாலும் வைத்தியர் சொல்லித் தருகிறபடி படிப்படியாகத்தான்.

பூனைக்கு வருகிறேன். மேல்மாடி அன்ரியின் ராணி, பேர்சியன் கலப்பு, எந்த நேரமும் கோபமாக இருக்கிற முகம். அதற்கு இருதயத் தசை தடிக்கிற நோய். பூனைகளுக்கு அதுதான் பொதுவாக வருவது. வால்வு கெட்ட நாய்க்குக் கொடுக்கிற மருந்து இதற்கு அப்படியே பொருந்தாது. தடித்த தசை இரத்தம் வெளியேறும் வழியை மறிக்கிற வகை என்றால் பிமோபென்டன் கெடுதலும் செய்யலாம். அதனால் அன்ரி ஜிம்மியின் டின்னைக் கேட்டபோது மறுக்க வேண்டி இருந்தது.

ராணிக்கு முக்கியமான மருந்து குளோபிடோகிரெல். இந்த நோயில் பெருத்த மேலறைக்குள் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி பெருநாடி வழியாக ஓடிப்போய்ப் பின்னங்கால்களுக்குப் பிரிகிற இடத்தில் அடைத்துக்கொள்ளும். பூனை கதறும், பின்னங்கால்கள் இழுபடும், பாதம் குளிர்ந்து போகும். யாரோ அடித்துவிட்டார்கள் என்று நினைத்து எண்ணெய் பூசிக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. அப்படி இருக்காமல் அந்த நிமிடமே ஓட்டோ பிடிக்க வேண்டும். ஒருதரம் அடைத்துப் பிழைத்த பூனைகளுக்கு அஸ்பிரினைவிட குளோபிடோகிரெல் நல்லது என்று 2015 இல் வந்த ஆய்வு காட்டியது. வழமையான அளவு ஒரு பூனைக்கு நாளுக்கு 18.75 மில்லிகிராம். மனிதருடைய 75 மில்லிகிராம் குளிசையில் சரியாகக் கால்.

அந்தக் கால் துண்டு இருக்கிறதே, அதன் கசப்பு சொல்லி முடியாது. வெட்டின பக்கம் ராணியின் நாக்கில் பட்ட மாத்திரத்தில் வாய் முழுக்க நுரை. மூச்சு வாங்குகிறது, விஷம் ஏறிவிட்டது என்று அன்ரி அழுதுவிட்டார். அது விஷமில்லை, வெறும் கசப்பு. வைத்தியர் வெறும் ஜெலட்டின் கூடுகள் கொஞ்சம் தந்தார், மிகச் சின்ன அளவு. கால் துண்டை அதற்குள் போட்டு மூடி, வெளிப்பக்கத்தில் தூள் ஒட்டாமல் துடைத்து, ஒரு பொட்டு பட்டர் தடவினால் நழுவிப் போகும்.

முறை இது. பூனையை உங்களுக்கு முதுகு காட்டி மடியில் வையுங்கள், தேவை என்றால் துவாயால் சுற்றுங்கள். இடது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் இரண்டு கன்ன எலும்பிலும். மூக்கு முகட்டைப் பார்க்கும் வரை தலையை மெல்ல நிமிர்த்தினால் கீழ்த்தாடை தானாகக் கொஞ்சம் இறங்கும். வலது கை நடுவிரலால் முன்பற்களை இன்னும் கொஞ்சம் கீழே அழுத்தி, நாக்கின் பின் மேட்டுக்கு அப்பால் கூட்டை விட்டுவிட வேண்டும். நாக்கின் நுனியில் வைத்தால் திரும்பி வரும். வாயை மூடி, தலையைச் சாதாரண நிலைக்குக் கொண்டு வந்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் கன்னத்தின் ஓரமாக 5 மில்லிலீட்டர் தண்ணீரை மெதுவாக விடுங்கள். இந்தத் தண்ணீரைக் கொடுக்க யாரும் தவறக் கூடாது. பூனையின் உணவுக்குழாயில் காய்ந்த குளிசை ஒட்டி நின்று அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். தண்ணீரை நேரே தொண்டைக்குள் பீய்ச்சினால் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும், அதுதான் கன்னத்தின் ஓரம்.

இன்னுமொன்று. வாயைத் திறந்து மூச்சு வாங்குகிற பூனையோடு குளிசைக்காக மல்லுக்கட்டக் கூடாது. அந்த நேரத்தில் அதை அமுக்கிப் பிடிப்பதே உயிரை எடுத்துவிடும். மருந்து கிடக்கட்டும், கூடையில் வைத்துக் கொண்டு போங்கள்.

எல்லா மருந்தும் வேலை செய்கிறதா என்று பார்க்க வீட்டில் இருக்கிற ஒரே கருவி மணிக்கூடு. நாயோ பூனையோ நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை 30 செக்கனுக்கு எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஏறி இறங்குவது சேர்ந்து ஒன்று. தூக்கத்தில் நிமிடத்துக்கு 30க்குக் கீழே இருந்தால் நல்லது. கனவு கண்டு கால் உதறுகிற நேரத்தையும், ஓடி வந்து படுத்த உடனேயும் எண்ண வேண்டாம். ஜிம்மியின் எண்ணைக் கலண்டரில் கோட்டுக்குப் பக்கத்திலேயே எழுதுகிறோம். வழமையைவிட ஏறிக்கொண்டு போனால், 30க்கு மேல் தொடர்ந்து நின்றால், இருமல் வரும்வரை காத்திருக்காமல் அழைக்க வேண்டும். அம்மாவுக்கு இது மிகவும் பிடித்துப்போன வேலை. ரிவியில் நாடகம் போகும்போது ஜிம்மி காலடியில் தூங்குவான், விளம்பரம் வருகிற நேரத்தில் எண்ணி முடித்துவிடுவார்.

சித்திரை மாதம் மட்டும் எண்ணிக்கை எங்களைக் குழப்பும். கொழும்பில் அந்த மாத வெக்கைக்கு நல்ல நாயே மூச்சிரைக்கும். புத்தாண்டுக்கு வெடி வேறு. மின்விசிறிக்குக் கீழே தரை குளிர்ந்த பிறகு எண்ணுகிறோம். வெடி கொளுத்துகிற இரவுக்கு முந்தியே வைத்தியரிடம் கேட்டு வைப்பது நல்லது. பயத்துக்கு என்று வீட்டில் இருக்கிற மனிதருடைய தூக்கக் குளிசையைப் பாதியாக்கிக் கொடுக்கிற வழக்கம் இங்கே இருக்கிறது, இருதய நாய்க்கு அது விளையாட்டில்லை.

அளவுக்கு மேல் தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைக்கிற வேலையும் வேண்டாம். அந்த உப்பே ஆபத்து. வெறும் மட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, எத்தனை குறைகிறது என்று எண்ணி, வைத்தியரை அழைத்துக்கொண்டே கிளம்புங்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு நாங்கள் யாழ்ப்பாணம் போகிறபோது ஜிம்மி மேல்மாடி அன்ரியிடம் இருப்பான். வேளைக்கு வேளை பிரித்த சின்னப் பைகள், மட்டைகளின் படம், வைத்தியரின் நம்பர், தூக்கத்தில் அவனுடைய வழமையான மூச்சு எண்ணிக்கை, எங்களைக் கேட்காமலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்று கையெழுத்து வைத்த கடதாசி, வழிச் செலவுக்குக் காசு என்று எல்லாவற்றையும் போனமுறை ஒப்படைத்தேன். அன்ரி கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வாசித்தார். கடதாசியைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"எல்லாம் சரி பிள்ளை. மத்தியானம் அவனுக்கு என்ன சாப்பாடு எண்டு மட்டும் எழுதேல்லை. எங்கட வீட்டில அண்டைக்கு நண்டுக் கறி."